கல்லிலே பின்னிய ரேந்தை

தூத்துக்குடிச் சீமை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு உப்பளம் நினைவுக்கு வரும். முத்துக்குளிப்பு நினைவுக்கு வரும். நாக்குச் சபலம் உள்ளவர்களுக்கு மக்ரூன் நினைவுக்கு வரும். பனங்காட்டுக்கு மேலே ஊசிபோல எழும்பி நிற்கும் கோபுரங்கள் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. ஐரோப்பாவில் தொள்ளாயிரம் வருஷங்களுக்கு முன் பிறந்து, நடுவில் வழக்கொழிந்துபோய், 19-ஆம் நூற்றாண்டில் மறுபடி உயிர்பெற்ற ஒரு கட்டடக் கலை நம் தேரி மணலில் வந்து வேர்பிடித்திருக்கிறது. அதற்கு 'கோத்திக்' பாணி என்று பெயர். அதைப் பார்க்க லண்டனுக்கும் பாரிசுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை, சகோதரிகளே! ஒரு வாடகை வண்டியும், ஒரு தூக்குப் புளியோதரையும், இரண்டு நாள் விடுமுறையும் போதும்.

எங்கள் ஊர் கயத்தாறு. காலாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகளுக்கு லீவு விட்டதும், திசையன்விளையில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போகிற சாக்கில், வழியில் பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம், அங்கிருந்து இடையன்குடி என்று ஒரு சுற்றுப் போட்டுக் கொண்டோம்.

கிளம்புகிற அன்று காலையில் என் மாமனார் திண்ணையில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "கட்டபொம்மனைத் தூக்குல போட்ட வெள்ளைக்காரன் கட்டுன கோயிலப் பாக்கவாம்மா இவ்வளவு செலவழிச்சுப் போறிய?"

கயத்தாற்றுக்காரர் கேட்கக்கூடிய கேள்விதான். 1799-ஆம் வருஷம் அக்டோபர் 16-ஆம் தேதி, மேஜர் பானர்மேன் உத்தரவில், வீரபாண்டியக் கட்டபொம்மனை எங்கள் ஊர்ப் புளியமரத்தில்தான் தூக்கிலிட்டார்கள். அந்த இடத்தில் நடிகர் திலகம் சிவாஜி கணேசன் 1970-இல் சிலை எழுப்பினார். தினமும் அந்தச் சிலையைக் கடந்து காய்கறிக்கடைக்குப் போய் வருகிறவள் நான். "போய்ட்டு வந்து சொல்றேன் மாமா" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். கேள்வி மட்டும் கூடவே வந்தது.

கும்பிட்ட கை போல

கோத்திக் கட்டடத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. இரண்டு கைகளையும் கூப்பி, விரல் நுனிகள் மட்டும் தொட, உள்ளங்கைகளைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு வாசல் தெரிகிறதல்லவா? மேலே கூராக முடியும் அந்த வளைவுதான் கோத்திக்கின் உயிர். அரைவட்ட வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளும். அதைத் தாங்கச் சுவர் தடிமனாக இருக்க வேண்டும். கூர்வளைவு பாரத்தில் பெரும்பங்கைக் கீழ்நோக்கி இறக்கிவிடும். மிச்சத் தள்ளலைத் தாங்கச் சுவருக்கு வெளியே முட்டுச்சுவர் கொடுப்பார்கள். நம் வீட்டில் சாய்கிற வேலிக்கு முட்டுக் கொடுக்கிறோமே, அதே யோசனைதான். அப்படிச் செய்தால் சுவரை ஒல்லியாக்கலாம், உயர்த்தலாம், பெரிய பெரிய ஜன்னல் வைக்கலாம். உள்ளே வெளிச்சம் கொட்டும்.

இந்த முறை முழுசாக உருப்பெற்றது பாரிசுக்கு அருகே உள்ள சேன் தெனி மடத்துக் கோயிலில், 1140-களில். அதற்குப் பிறகு நானூறு வருஷம் ஐரோப்பா முழுக்க இந்தப் பாணிதான் கொடிகட்டிப் பறந்தது. பிறகு ரசனை மாறியது. பழைய ரோமானியக் கட்டடங்களே அழகு என்று நினைத்த இத்தாலிக்காரர்கள் இதைக் காட்டுமிராண்டிகளான 'கோத்' ஜனங்களின் வேலை என்று கேலி செய்தார்கள். கேலிப் பெயரே நிலைத்துவிட்டது!

மறுபடி எப்படி உயிர் வந்தது? 1749-இல் ஹொரேஸ் வால்போல் என்ற பிரபு, லண்டனுக்குப் பக்கத்தில் தம் பங்களாவை ஆசைக்காக இந்தப் பாணியில் மாற்றத் தொடங்கினார். பலருக்கு அது வெறும் விளையாட்டாகத்தான் பட்டது. 1834-ஆம் வருஷம் லண்டன் பார்லிமெண்ட் தீப்பிடித்து எரிந்தது. அதுவும் அக்டோபர் 16-ஆம் தேதிதான், எங்கள் ஊர்க் கணக்குப்படி மறக்க முடியாத தேதி! புதுப் பார்லிமெண்டைச் சார்லஸ் பாரி என்பவர் கட்ட, உள்ளும் புறமும் உள்ள கோத்திக் வேலைப்பாட்டையெல்லாம் பூஜின் என்ற இளைஞர் வரைந்து கொடுத்தார். படத்தில் பார்க்கிறோமே 'பிக் பென்' மணிக்கூண்டு, அது அந்தக் கட்டடத்தைச் சேர்ந்ததுதான்.

அது ஆலைப் புகை ஊரை மூடத் தொடங்கிய காலம். துணி, பாத்திரம், ஜன்னல் கம்பி எல்லாம் மிஷினில் ஒரே அச்சாக வந்து விழுந்தன. ஜான் ரஸ்கின் என்ற அறிஞர் 1853-இல் ஒரு கருத்தைச் சொன்னார். பழைய கோத்திக் கோயிலில் ஒரு தூணைப் போல இன்னொரு தூண் இல்லை. காரணம், அதைச் செதுக்கிய சாதாரணக் கல்தச்சன் தன் மனசையும் அதில் வைத்திருந்தான், கொஞ்சம் கோணல் இருந்தாலும் அது சுதந்திரமான கையின் கோணல் என்றார். இதை எங்கள் பயணம் முழுக்க நினைத்துக் கொண்டே போனேன்.

ஊசிக் கோபுரங்களின் சாலை

கயத்தாற்றிலிருந்து முக்கால் மணி நேரத்தில் நெல்லை. ஆற்றைத் தாண்டினால் பாளையங்கோட்டை. அங்கே தூய திரித்துவப் பேராலயத்தை யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை; 'ஊசிக்கோபுரம்' என்றால்தான் ஆட்டோக்காரருக்கே தெரியும். ரேனியஸ் ஐயர் 1826-இல் கட்டிய எளிய கோயில் அது. ஊசிபோன்ற கோபுரம் பிறகு சேர்ந்தது.

ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று தாமிரபரணியின் பசுமையை ஒட்டிப் போய்த் தெற்கே திரும்பியதும் நிறம் மாறிவிடுகிறது. வாழை போய்ப் பனை வருகிறது; கரிசலும் வண்டலும் போய்ச் செம்மண் தேரி வருகிறது. அந்தச் சிவப்புக்கு மேலே மெஞ்ஞானபுரத்துத் தூய பவுல் ஆலயத்தின் கோபுரம் வெகு தூரத்திலிருந்தே தெரிந்தது. உயரம் 192 அடி. "அம்மா, காத்தாடியா அது?" என்றான் சின்னவன். எங்கள் ஊர்க் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளை!

வேல்ஸ் நாட்டுக்காரரான ஜான் தாமஸ் 1837-இல் இங்கே வந்தார். 1844-இல் அடிக்கல் போட்டு, 1847-இல் கோயிலைப் பிரதிஷ்டை செய்தார். 1870-இல் இங்கேயே கண்மூடினார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே கால் வைத்ததும் உடம்பு குளிர்ந்தது. கூரை எவ்வளவோ உயரத்தில் இருப்பதால் உஷ்ணம் மேலே போய்விடுகிறது. குளிர்நாட்டுக்காரர்கள் வெளிச்சத்துக்காகக் கண்டுபிடித்த உயரம், தேரிக்காட்டில் குளிர்ச்சிக்கு உதவுகிறது பாருங்களேன்!

உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு, சாயங்காலம் திசையன்விளை போய்ச் சேர்ந்தோம்.

இடையன்குடியில்

மறுநாள் காலை நாத்தனாரும் கூட வந்தாள். திசையன்விளையிலிருந்து இடையன்குடி பக்கம்தான். தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் தெரிந்திருக்கும். 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' எழுதிய கால்டுவெல் வாழ்ந்த ஊர். அயர்லாந்தில் 1814-இல் பிறந்தவர். 1838-இல் சென்னை வந்தவர். அங்கிருந்து பெரும்பாலும் கால்நடையாகவே நடந்து 1841-இல் இங்கே வந்தவர். அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு 2011-இல் நினைவில்லமாக்கியது.

அவர் கட்டிய தூய திரித்துவ ஆலயத்துக்கு 1847-இல் வேலை தொடங்கியது. முடிந்தது 1880-இல். முப்பத்து மூன்று வருஷம்! அன்று கல்யாணமான பெண் பேரன் பேத்தி எடுத்திருப்பாள். பணம் வந்தபோது வேலை நடந்தது, வராதபோது நின்றது. நடுவில் தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. சோற்றுக்கே வழியில்லாத காலத்தில் கோபுரத்தை யார் நினைப்பார்கள்?

இதே 1880-இல் ஜெர்மனியில் இன்னொரு கோத்திக் கோயில் முடிந்தது. கொலோன் பேராலயம். 1248-இல் தொடங்கி, 16-ஆம் நூற்றாண்டில் நின்றுபோய், அரைகுறைக் கோபுரத்தின் மேல் பாரந்தூக்கி மரம் முந்நூறு வருஷம் அப்படியே நின்று, 1842-இல் மறுபடி கையெடுத்து முடித்தார்கள். அங்கே அரசனும் நாடும் சேர்ந்து முடித்தார்கள். இங்கே பனையேறிகளும் பதநீர் காய்ச்சியவர்களும் இருந்த ஊரில் முடிந்தது.

இங்கேதான் எனக்குப் பிடித்த சங்கதி வருகிறது. கோத்திக் ஜன்னலின் மேற்பாகத்தில் பூவிதழ் போலவும் இலை போலவும் பின்னல் வேலை இருக்கும். அதை ஒரு நாளும் கண்ணால் பார்த்திராத நம் ஊர்க் கொத்தனாருக்கு எப்படி விளங்கவைப்பது? கால்டுவெல் சிறு வயதில் டப்ளினில் சித்திரக்கலை பயின்றவர். களிமண்ணைப் பிசைந்து தம் கையாலேயே மாதிரி செய்து காட்டினாராம். கொத்தனார்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள். ஊருக்கு ஊர் நம் கொத்தர்கள் கோயில் கோபுரத்துச் சுதைச்சிற்பம் செய்து பழகியவர்கள்தானே! மண்ணில் காட்டினால் அவர்கள் கைக்குப் புரியாமல் போகுமா? வரைபடத்தில் இருந்த அந்நியம், களிமண்ணில் வந்ததும் தீர்ந்துவிட்டது. ஜன்னலருகில் நின்று அந்தப் பின்னலை வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தேன்.

நூலில் பின்னியவர்கள்

"என்னம்மா, ரேந்தை மாதிரி இருக்கா?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி. அப்படிக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. நானும் அதைத்தான் நினைத்தேன்!

லேசைத்தான் இந்தப் பக்கத்தில் ரேந்தை என்பார்கள். போர்த்துக்கீசியச் சொல், முத்துக்குளித்துறைக்கு அவர்கள் வந்த நாளில் ஒட்டிக்கொண்டது. ஆனால் இடையன்குடிக்கு ரேந்தைத் தொழிலைக் கொண்டுவந்தவர் கால்டுவெல்லின் மனைவி எலைசா அம்மையார். நாகர்கோவிலில் மிஷனரியாக இருந்த மால்ட் தம்பதியின் மகள். நாகர்கோவிலிலேயே பிறந்து, தமிழை நம்மைப் போல் பேசியவர். அவருடைய தாயார் மார்த்தா மால்ட் 1820-களில் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் ரேந்தைப் பின்னலும் சேர்த்தே தொடங்கினார். திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை இருந்தது, 1855-இல்தான் ஒழிந்தது. ரேந்தை பின்னிய காசைச் சேர்த்து வைத்துத் தன் விடுதலையைத் தானே விலைகொடுத்து வாங்கிய பெண்கள் அங்கே உண்டு. 1844-இல் கல்யாணமாகி இடையன்குடி வந்த எலைசா, இங்கும் அதையே செய்தார். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பு என்றால் தயங்கிய தாய், கைத்தொழிலும் கற்றுத் தருகிறார்கள் என்றதும் அனுப்பினாள்.

கணக்குப் பாருங்கள். கோயில் வேலை தொடங்கியது 1847. ஒரு பக்கம் ஆண்கள் கல்லிலும் காரையிலும் பின்னல் போட்டார்கள். அதே ஊரில், அதே வருஷங்களில், பெண்கள் நூலில் பின்னல் போட்டார்கள். இரண்டு பின்னலும் மிஷின் தொடாதவை. இங்கிலாந்திலோ லேஸ் மிஷின் வந்து கைப்பின்னல்காரிகளின் பிழைப்பு நசிந்துகொண்டிருந்தது.

ஆச்சி சிறுவயதில் ரேந்தை போட்டவர். வீட்டுக்கு அழைத்துப் போய்ப் பரணிலிருந்து உருளைத் திண்டை இறக்கச் சொன்னார். திண்டின்மேல் துளைபோட்ட மாதிரித் தாளை வைத்து, துளைக்கு ஒரு குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிமாற்றிப் போட வேண்டும். விரல் நடுங்கினாலும் நாலு கட்டையை எடுத்துப் போட்டுக் காட்டினார்.

"ஊசி இருக்கமட்டும் எல்லாம் நிக்கும்மா. ஊசியப் பிடுங்கின பொறவு நிக்கணும். அதுதான் ரேந்தை" என்றார்.

கட்டட வளைவுக்கும் இதே கதைதான். முதலில் மரச்சாரம் கட்டி, அதன்மேல் கல்லை அடுக்கி, உச்சியில் முடிக்கல்லை இறக்குவார்கள். பிறகு சாரத்தைப் பிரிப்பார்கள். பிரித்த பிறகும் நிற்பதே வளைவு.

"உங்க வீட்டுல யாராவது இப்போ போடறாங்களா ஆச்சி?" என்று கேட்டேன்.

"பேத்திக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஒரு முழம் போட மூணு நாளாகும்னா எவம்மா உக்காருவா? எங்கூடச் சேந்து படிச்சவள்ல நான் ஒருத்திதான் மிச்சம்" என்றார், வருத்தமில்லாமல். எனக்குத்தான் வருத்தமாக இருந்தது. கல் பின்னல் நிற்கிறது. அதற்கு வெள்ளையடிக்க ஆளிருக்கிறது, பார்க்க வண்டி பிடித்து வருகிறோம். நூல் பின்னல் ஒரு பரணில், ஒரு கிழவியின் விரலில் இருக்கிறது. கோயிலைப் பற்றிப் புத்தகம் உண்டு. பெண்கள் போட்ட ரேந்தை கப்பலேறிப் போய்விட்டது.

மாமனார் கேள்விக்குப் பதில்

பம்பாயில் விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையம் 1878-இல் தொடங்கி 1887-இல் முடிந்தது. இப்போது சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ். அதுவும் கோத்திக்தான். 'நாங்கள்தான் ஆள்கிறோம்' என்று ராணியின் பெயரைச் சூட்டிக் காட்டிய கட்டடம். ஆனால் அதன் அலங்கார வேலையில் பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளி மாணவர்களின் கை இருக்கிறது. உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ 2004-இல் அதை ஏற்றபோது, நம்மவர் உழைப்பையும் சேர்த்துத்தான் ஏற்றது.

கால்டுவெல்லையும் குறையே இல்லாதவர் என்று சொல்லமாட்டேன். இந்தப் பகுதி மக்களைப் பற்றி 1849-இல் அவர் எழுதிய ஒரு நூல் அம்மக்களின் மனசைப் புண்படுத்தி, பெரிய எதிர்ப்பு எழுந்தது. அவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அதே நேரம் பள்ளிக்கூடத்தை விட்டுவிடவில்லை, கோயிலையும் விட்டுவிடவில்லை. வந்தவர் கொண்டுவந்ததில் எது நமக்கு வேண்டும் என்று அவர்களே தேர்ந்துகொண்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

வீடு திரும்பியதும் மாமனாரிடம் சொன்னேன்: "கட்டச் சொன்னது வெள்ளைக்காரர்தான் மாமா. கட்டினது நம்ம கொத்தனாரு. புளியமரத்துல தூக்குப் போட்டது கம்பெனிப் பட்டாளம். அதுக்காக நம்ம ஆளு முப்பத்து மூணு வருஷம் செஞ்ச வேலையை நாம பாக்காம இருக்கலாமா?" அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "அந்த ரேந்தை போட்ட கிழவி பேர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "அதையும் எழுதி வை" என்றார். பத்திரிகையில் போட வேண்டாமென்று ஆச்சி கேட்டுக் கொண்டதால் என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

போகிறவர்களுக்கு

ஞாயிறு காலை ஆராதனை நேரம். சுற்றிப் பார்க்க மற்ற நாளே வசதி. கோயில் வளாகத்தில் சொல்லி அனுமதி பெற்றுக்கொண்டு, செருப்பை வாசலில் விட்டு, உள்ளே சத்தமில்லாமல் பாருங்கள். தேரிப் பக்கம் வெயில் கடுமை. பிள்ளைகளுக்குத் தொப்பியும், ஆளுக்கொரு பாட்டில் தண்ணீரும், ஒரு பொட்டலம் உப்புக்கடலையும் மறக்க வேண்டாம். கைக்குழந்தைக்காரர்கள் மத்தியானம் பன்னிரண்டுக்குள் ஊர் சேர்ந்துவிடுவது நல்லது. கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டு வையுங்கள்: கும்பிட்ட கை வடிவில் எத்தனை வளைவு, எத்தனை ஜன்னல், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாதது எது? என் பிள்ளைகள் எண்ணி எண்ணிக் களைத்துப் போனார்கள். அவர்களுக்கு அதுவே பாடம்.

பாரிசில் 2019 ஏப்ரலில் நோத்ர தாம் பேராலயம் எரிந்தபோது, 19-ஆம் நூற்றாண்டில் புதுப்பித்துக் கட்டிய அதன் ஊசிக் கோபுரம் சரிந்து விழுந்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். 2024 டிசம்பரில் அதைத் திறந்துவிட்டார்கள். பழையபடி கோடாலியால் மரம் செதுக்கத் தெரிந்த தச்சர்கள் இன்னும் சிலர் இருந்ததால்தான் அந்தக் கூரையைப் பழைய மாதிரியே மீண்டும் கட்ட முடிந்தது. கைவேலை தெரிந்த ஆள் இருக்கிறவரைக்கும் எரிந்ததையும் எழுப்பலாம்.

நாகர்கோவில், இடையன்குடிப் பக்கத்துச் சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஓர் உருளைத் திண்டு இருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்கித் தூசி தட்டுங்கள். அதில் கட்டை போடத் தெரிந்த விரல் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு விரற்கடை அகலமாவது பின்னக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். நான் அடுத்த லீவுக்கு மறுபடி இடையன்குடி போகிறேன். ஆச்சியிடம் என் மகள் கற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.